குறட்டை வம்சம்

சென்னை,
3 பிப்ரவரி 2025

மதிப்பிற்குரிய சிங்காரம் அவர்களுக்கு,

நான் போன் எடுப்பதில்லை என்று உங்கள் அக்கா ஸ்ரீதேவி அண்ணியிடம் முறையிட்டீர்களாம். குழந்தைகள் இதய வார்டில் போனை அணைத்துவைக்கச் சொல்கிறார்கள். அதோடு, உங்களிடம் பேசினால் கத்திவிடுவேன். கத்தினால் பக்கத்துக் கட்டிலில் காரணம் கேட்பார்கள். அண்ணி கொண்டுவரும் சாப்பாட்டுப் பையில் இனி கடிதம் வரும்.

நம் பிள்ளைக்கு வருவது குறட்டை இல்லை. "எங்க வம்சக் கொறட்டைடி இது, எங்க நைனா கணக்காவே கீது" என்று மூன்று மாதமாகத் தெருவையே கூப்பிட்டுக் கேட்க வைத்தீர்களே, அது மூச்சுக்குழாய் நெரிபடும் சத்தம். நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்று வழிமாறி அதைப் பின்னாலிருந்து வளைத்து இறுக்குகிறது. மூச்சுக்குழாயே பிறவியில் குறுகல், இரண்டு மில்லிமீட்டர் அகலம்தான். இதயத்தில் ஓட்டையும் இருக்கிறது. மூன்றையும் ஒரே அறுவை சிகிச்சையில் சரிசெய்யலாம் என்கிறார் டாக்டர் ஜெனிஃபர். மூச்சுக்குழாயைக் குறுக்கே வெட்டி, அகலமாக்கித் தைப்பார்களாம். செய்யாவிட்டால் பிள்ளை தங்காது. செய்தாலும் உறுதி தர முடியாது என்கிறார்.

கையெழுத்துக்கு நான் ஒருத்தி போதும். ஆனாலும் உங்கள் சம்மதம் இல்லாமல் போட மனமில்லை.

ரசத்தில் உப்பு இல்லை.

பவானி

மாமல்லபுரம்,
4 பிப்ரவரி

பவானிக்கு,

ரசம் நான் வைத்தது.

நான் கல் செதுக்குகிறவன். பட்டறையில் நந்தியின் காது உடைந்தால் ஒட்டவைக்க முடியாது. அந்தக் கல் வேறு வேலைக்குப் போய்விடும். பிள்ளையின் மூச்சுக்குழாயை வெட்டி ஒட்டுகிறேன் என்றால் எப்படிச் சரி என்பேன்? வெட்டினால் நீளம் குறையாதா? கழுத்து குட்டையாகிவிடாதா? கேட்டு எழுது.

பட்டறையில் ராஜாராமிடம் சொன்னேன். "இன்னா மச்சான், கொறட்டைக்குப் போயி ஆபரேசனா" என்று சிரித்தான். நான் சொல்லித் திரிந்ததைத்தான் திருப்பிச் சொன்னான். ஆனாலும் அவனை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன்.

சிங்காரம்

சென்னை,
5 பிப்ரவரி

சிங்காரம் அவர்களுக்கு,

கழுத்து குட்டையாகாது. டாக்டர் சிரிக்காமல்தான் பதில் சொன்னார்.

ஒரு பப்பாளிக் காம்பை எடுத்துக்கொள்ளுங்கள். குறுக்கே இரண்டாக நறுக்குங்கள். மேல் துண்டைப் பின்பக்கமும் கீழ்த் துண்டை முன்பக்கமும் நீளவாக்கில் கீறுங்கள். இரண்டையும் விரித்து, ஒன்றின்மேல் ஒன்றைச் சறுக்கிவைத்துத் தைத்துவிடுங்கள். நீளம் குறையும், அகலம் கூடும். பிள்ளையின் குழாய் கல் இல்லை, இழுத்தால் கொடுக்கும்.

வெள்ளிக்கிழமைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

பவானி

மாமல்லபுரம்,
6 பிப்ரவரி

பவானிக்கு,

ஏழு காம்பு வீண். சொர்ணம் அத்தை வீட்டுப் பப்பாளி மரம் மொட்டை. "இன்னாடா, ஆடு பூந்த மாரி பண்ணி வச்சிகீற" என்று வாசலில் நின்று திட்டினாள். விஷயத்தைச் சொன்னேன். மீதி இருந்த நாலு காம்பையும் அவளே ஒடித்துக் கொடுத்தாள்.

எட்டாவது நின்றது. வெட்டும் முன் நடுவில் நூலால் இறுக்கி ஊதினேன். அச்சு அசலாக நம் பிள்ளையின் சத்தம். தைத்த பிறகு ஊதினேன். சத்தமே இல்லை, காற்று பாட்டுக்குப் போகிறது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

கையெழுத்துப் போடு. நாளைக்கு ஆஸ்பத்திரி வாசலில் நிற்பேன். நீ பேச வேண்டாம்.

எட்டாவது காம்பை அக்காவிடம் கொடுத்திருக்கிறேன். டாக்டருக்குத் தேவைப்பட்டால் பார்த்துக்கொள்ளட்டும்.

சிங்காரம்

சென்னை,
19 பிப்ரவரி

என்னங்க,

காம்பைக் கொடுக்க எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. டாக்டர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தையல் நேராக இருக்கிறதாம். எந்தக் கல்லூரி என்று கேட்டார்.

அன்று நீங்கள் வாசலில் எட்டு மணி நேரம் நின்றதை ஜன்னல் வழியே பார்த்தேன். நான் ஒரு கையாவது காட்டியிருக்கலாம். காட்டவில்லை.

நேற்று மூச்சுக் கருவியை எடுத்துவிட்டார்கள். பிள்ளை தானாக மூச்சு விடுகிறான். சத்தமே இல்லை. பயந்துபோய் நிமிஷத்துக்கொரு தரம் மூக்கின்கீழ் விரல் வைத்தேன். "யம்மா, கொயந்த நல்லா கீது, நீதான் மூச்சுவுட மாட்டேன்ற" என்று நர்ஸ் ரெஜினா என் கையைத் தட்டிவிட்டார்.

இன்னொன்று. இத்தனை புத்தகம் படித்த நானும் மூன்று மாதம் அதைக் குறட்டை என்றுதான் நம்பினேன். சிரிக்கக்கூடச் செய்தேன். பழியை மட்டும் உங்கள்மேல் போட்டுவிட்டு இங்கே வந்தேன்.

நாளை பொது வார்டுக்கு மாற்றுகிறார்கள். மத்தியானத்தில் அப்பாக்களை விடுவார்கள். ரசத்தில் உப்புப் போட்டுக்கொண்டு வாருங்கள். வந்து, கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் சாய்ந்து ஒரு மணி நேரம் குறட்டை விடுங்கள். இந்த அமைதியில் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

உங்கள்
பவானி