பிக்கப்புக்குப் புதுக் கண்ணாடி போட்டாச்சு

என் அன்புக்கும் என் கோபத்துக்கும் உரிய தனா அப்பாவுக்கு,

உங்கள் பிக்கப்புக்கு இரண்டு பக்கமும் புதுக் கண்ணாடி போட்டாகிவிட்டது. பழையது மாதிரி உள்ளங்கை அகலம் இல்லை. நல்ல பெரிசு. இதே வண்டியில் பிறகு வந்த மாடலுக்கு உள்ளதாம். உள்ளே உட்கார்ந்தபடியே பொத்தானை அழுத்தினால் மேலே, கீழே, பக்கவாட்டில் என்று தானாகத் திரும்புகிறது. நீங்கள் இருந்திருந்தால் ஒரு வாரம் அந்தப் பொத்தானை வைத்தே விளையாடியிருப்பீர்கள். நான் திட்டியிருப்பேன்.

எவ்வளவு நேரம் பிடித்தது தெரியுமா? பகல் சாப்பாடு முடிந்து ஆரம்பித்தார்கள், நான் தேநீர் குடிக்கும் நேரத்துக்குள் முடித்துவிட்டார்கள். அவ்வளவுதான். பதினேழு வருடமாக அடுத்த வாரம், தீபாவளி கழியட்டும், மழை விடட்டும் என்று நீங்கள் தள்ளிப்போட்ட வேலை ஒரே மத்தியானத்தில் முடிந்துவிட்டது. வொர்க்‌ஷாப் பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். பாவம் அந்த மெக்கானிக் மணியம், என்ன செய்வதென்று தெரியாமல் மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

நம் கதையை உங்களுக்கே திருப்பிச் சொல்வது பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் சொல்லாவிட்டால் நிஜமாகவே பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது. கேட்டுக்கொள்ளுங்கள். இப்போதாவது குறுக்கே பேச மாட்டீர்கள்.

தனா ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது வாங்கிய வண்டி. வாங்கும்போதே பழசு. தாசேக் கெலுகோரில் இளநீர் ஏற்றிப் பிறை டவுனில் சில கடைகளுக்கும், பாலம் தாண்டி நம் வீடு இருக்கிற தீவுப் பக்கம் ஜார்ஜ்டவுன் கடைகளுக்கும் போடுவோம். கூரை உயரத்துக்குக் காய்களை அடுக்கிவிட்டால் நடுக் கண்ணாடியில் பச்சையைத் தவிர எதுவும் தெரியாது. பக்கக் கண்ணாடிகளை நம்பித்தான் ஓட்ட வேண்டும். அதில் இடது பக்கத்தது முதல் வருடமே இணைப்பு தளர்ந்து உள்பக்கமாகச் சாய்ந்து தொங்க ஆரம்பித்துவிட்டது. ரோடு தெரியாது. என் முகம்தான் தெரியும். நான் அதைப் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்வேன்.

சரி பண்ணுங்கள் என்று சொல்லும்போதெல்லாம் நீங்கள் ஒரே பதில்தான் வைத்திருந்தீர்கள். "நீ இருக்கறப்ப கண்ணாடி எதுக்குலா?" நானும் ஒவ்வொரு முறையும் உருகிப்போனேன். என்ன ஒரு மண்டு நான்.

அப்படித்தான் நான் உங்கள் இடது பக்கமானேன். திரும்புவதற்கு முன் தலையை என் பக்கம் சாய்த்து, "கிளியரா?" என்பீர்கள். மோட்டார் சைக்கிளோ, சைக்கிளோ, யாராவது வந்தால் "மோட்டார்" என்று ஒரு வார்த்தை சொல்வேன். நிறுத்திவிடுவீர்கள். எதுவும் வராவிட்டால் நான் வாயைத் திறக்க மாட்டேன். பேசாமல் இருந்தால் போகலாம் என்று அர்த்தம். யார் போட்ட சட்டமோ தெரியாது, பதினேழு வருடம் ஓடிவிட்டது. நாம் சண்டை போட்டு முகம் கொடுக்காமல் இருந்த நாட்களிலும் "மோட்டார்" மட்டும் சொல்லிவிட்டு மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். அதை நினைத்து நீங்கள் சிரிப்பீர்கள், எனக்கு இன்னும் கோபம் வரும்.

அந்த வியாழக்கிழமை நான் தூங்கிவிட்டேன். காய்ச்சல் மாத்திரை போட்டிருந்தேன், வெயில் வேறு. பிறையில் அந்தச் சந்துக்குள் திரும்ப நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். நான் பேசவில்லை. திரும்பிவிட்டீர்கள். பிரேக் சத்தத்தில்தான் விழித்தேன். ஜன்னலுக்கு ஒரு சாண் தூரத்தில் ஒரு பெண், மோட்டார் சைக்கிளின் பின்னால் குழந்தை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவள் திட்டிவிட்டுப் போனாள். நீங்கள் கையை உயர்த்தி மன்னிப்புக் கேட்டீர்கள். வீடு வரும்வரை நான் கண்ணை மூடவில்லை.

மறுநாள் காலையில் நான் சொன்னது உங்களுக்கு மறந்திருக்காது. எனக்கு ஒரு எழுத்துக்கூட மறக்கவில்லை.

"நான் மனுஷி, கண்ணாடி இல்ல. நீங்க கண்ணாடிய மாத்துங்க, அப்பறம் நான் ஏறுறேன்."

நீங்கள் கெஞ்சிப் பார்த்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் மாற்றிவிடுவதாகச் சொன்னீர்கள். எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளைப் பார்த்தவள் நான். அசையவில்லை. நீங்கள் தனியாகக் கீழே இறங்கிப் போனீர்கள். ஐந்தாவது மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். வண்டியின் இடது பக்கமாகவே வெகு நேரம் நின்றுகொண்டிருந்தீர்கள். நான் இறங்கி வருவேன் என்று காத்திருக்கிறீர்கள் என நினைத்தேன். கொஞ்சம் தவிக்கட்டும் என்று ஜன்னலை விட்டு நகர்ந்துவிட்டேன்.

அதுதான் நான் உங்களைக் கடைசியாகப் பார்த்தது. உங்கள் முதுகை.

பதினொரு மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். அதே சந்து. இடது பக்கம் திரும்பியிருக்கிறீர்கள், உள்பக்கம் ஒரு மோட்டார் சைக்கிள். ஹாரன் கேட்டதும் வண்டியை வலது பக்கம் ஒடித்திருக்கிறீர்கள். இளநீர் மொத்தமும் ஒரு பக்கமாகச் சரிந்து வண்டியை இழுத்துக்கொண்டுபோய் நடுத் தடுப்பில் இருந்த விளக்குக் கம்பத்தில் மோத வைத்துவிட்டது. மோட்டார் சைக்கிளில் வந்தவருக்குக் கால் முறிந்தது. நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டீர்கள்.

போலீஸ் வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது வலது பக்கம் நசுங்கியிருந்தது. இடது பக்கம் ஒரு கீறல் இல்லை. அப்போதுதான் பார்த்தேன். தொங்கிக்கொண்டிருந்த கண்ணாடியை நிமிர்த்தி, சிவப்பு ராஃபியா கயிற்றால் சுற்றிச் சுற்றிக் கட்டியிருந்தீர்கள். எட்டு முடிச்சு. அன்று காலை கீழே நின்று இதைத்தான் செய்துகொண்டிருந்தீர்கள்.

அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை மாதம் உயிரோடு இருந்தேன். கண்ணாடி நேராக இருந்தது. நீங்கள் பார்த்துத்தான் ஓட்டியிருப்பீர்கள். அப்படியானால் என்மேல் தப்பில்லை, நான் ஏறாதது காரணமில்லை. ராவும் பகலும் இதையே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் யாராவது ஒருவர் வாயால் சொல்லிக் கேட்டுவிட்டால் போதும் என்று இருந்தது. அதனால் கால் முறிந்த அந்த மனிதரைத் தேடிப் போனேன். தனா தடுத்தாள். கேட்கவில்லை.

பெயர் சேகர். பிறையில் ஒரு ஃபேக்டரியில் வேலை. நம் வயதுதான் இருக்கும். ஊன்றுகோலோடு எழுந்து நின்று என்னை வரவேற்றார். மனைவி மைலோ கலந்து கொடுத்தார். கோபமாக ஒரு வார்த்தை இல்லை. நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன், என் வீட்டுக்காரர் கண்ணாடியைப் பார்த்தாரா என்று.

அவர் தன் மனைவியைப் பார்த்தார். சொல்லலாமா என்று யோசித்தது தெரிந்தது.

"இல்லக்கா. கண்ணாடிய பாக்கல. ஜன்னல் வழியா அவர் மூஞ்சி எனக்கு நல்லாத் தெரிஞ்சது. பக்கத்து சீட்டப் பாத்து என்னமோ கேட்டாரு. யாரோ ஒக்காந்திருக்காங்கன்னுதான் நான் நெனச்சேன். பதில் வர்ற வரைக்கும் இருந்துட்டு, தலய ஆட்டிட்டுத் திரும்புனாரு."

மைலோ டம்ளரை எங்கே வைத்தேன், எப்படி வெளியே வந்தேன், எந்தப் பஸ்ஸில் ஏறினேன், ஒன்றும் நினைவில்லை.

தனா அப்பா, ஏன் அப்படிச் செய்தீர்கள்? அவ்வளவு பாடுபட்டு எட்டு முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டு, ஏன் அதைப் பார்க்கவில்லை? இல்லாத என்னிடம் கேட்டீர்கள். இல்லாத நான் பேசவில்லை. நான் பேசாததைப் போகலாம் என்று எடுத்துக்கொண்டீர்கள். அந்தச் சட்டத்தை நான்தானே பழக்கினேன்? முதல் நாளிலிருந்து "கிளியர், போங்க" என்று வாய் திறந்து சொல்லியிருந்தால், பதில் வராத அந்த ஒரு நொடியில் உங்களுக்கு உறைத்திருக்காதா? சோம்பேறி, வாயாடி, மற்ற எல்லாவற்றுக்கும் நாள் முழுக்கப் பேசினவள், இதற்கு மட்டும் வாயை மிச்சம் பிடித்தேனே.

ஒரு மாதம் படுக்கையை விட்டு எழவில்லை. தனா பாயான் லெப்பாசில் வேலை முடிந்து வந்து எனக்குச் சோறு ஊட்டினாள். வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம், அதைப் பார்க்கப் பார்க்கத்தான் எனக்கு இப்படி ஆகிறது என்றாள். அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் நசுங்கின பக்கத்தைத் தட்டிச் சரி பண்ணி யாராவது ஓட்டுவார்கள். தொங்குகிற கண்ணாடியோடு ஓட்டுவார்கள். அவர் பக்கத்தில் யாராவது என்னை மாதிரி ஒருத்தி உட்காருவாள். அதை நினைத்ததும் எழுந்துவிட்டேன்.

மணியத்தின் வொர்க்‌ஷாப்புக்கு வண்டியை இழுத்துப் போனோம். நசுங்கின பக்கத்தைச் சரி செய்துவிட்டு, வலது கண்ணாடிதான் உடைந்திருக்கிறது, இடது நன்றாக இருக்கிறதே, அதை மாற்ற வேண்டாம் என்றார். அவரிடம் கத்திவிட்டேன். அப்புறம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். கதவை உள்ளே பிரித்து வயர் இழுத்து, பழைய ஓட்டைகளில் ஒன்று பொருந்தாததால் ஒரு தகடு வெட்டி வைத்து, இரண்டையும் மாட்டினார். இடது பக்கம் மூலையில் வட்டமாக ஒரு குட்டிக் கண்ணாடியும் ஒட்டினார், கதவை ஒட்டி வருகிற மோட்டார் தெரிவதற்கு.

பிறகு என்னை ஓட்டுகிற சீட்டில் உட்காரச் சொன்னார். கல்யாணத்துக்கு முன் எடுத்த லைசென்ஸ் என்னிடம் இருப்பதே உங்களுக்கு மறந்திருக்கும். புதுப்பித்துக்கொண்டே வந்தேன், ஒரு நாளும் நீங்கள் ஓட்டக் கொடுத்ததில்லை. பொத்தானை அழுத்தி அழுத்திச் சரி பார்த்தேன். பின்னால் ரோட்டின் கடைசி வரை தெரிந்தது. எல்லாம் தெரிந்தது, தனா அப்பா. ஒன்றும் ஒளியவில்லை.

"கண்ணாடி கொஞ்சம் வளைஞ்சது அக்கா," என்றார் மணியம். "தூரமா இருக்கற மாதிரி காட்டும். ஆனா கிட்டத்தான் இருக்கும். கவனம்."

கழற்றின பழைய கண்ணாடியைத் தூக்கிப் போட விடவில்லை. கயிற்றை அவிழ்க்காமல் துணி அலமாரியில், உங்கள் சட்டைகளுக்கு நடுவில் வைத்திருக்கிறேன்.

இரண்டு வாரம் நம் ஃபிளாட்டின் கீழேயே ஓட்டிப் பழகினேன். இன்று காலை தனியாகப் பாலம் தாண்டினேன். தனா கூட வருகிறேன் என்றாள். இடது பக்கச் சீட்டில் யாரும் உட்கார வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காலி வண்டி, காய் எதுவும் ஏற்றவில்லை. நேராகப் பிறைக்கு, அந்தச் சந்துக்குப் போனேன்.

சிக்னல் போட்டேன். இடது கண்ணாடியைப் பார்த்தேன். குட்டிக் கண்ணாடியையும் பார்த்தேன். ஒரு மோட்டார் வந்துகொண்டிருந்தது. பிரேக்கை மிதித்துக்கொண்டு, அன்று நான் சொல்லியிருக்க வேண்டியதை உரக்கச் சொன்னேன். "நில்லுங்க. மோட்டார் வருது." அந்த ஆள் என்னைக் கடந்து போனான். தலைக்கவசத்துக்குள் அவன் முகம்கூடத் தெரியவில்லை. நிம்மதியாக வேலைக்குப் போனான்.

அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. கண்ணாடி முழுக்க வெறும் ரோடுதான். ஆனால் என்னால் திரும்ப முடியவில்லை. வண்டிக்குள் அவ்வளவு அமைதி. பின்னால் இருந்த லோரிக்காரர் ஹாரன் அடித்தார், இன்னொரு முறை அடித்தார். அப்போதுதான் புரிந்தது, நீங்கள் இன்னும் பதிலுக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று.

"கிளியர்," என்றேன். "போங்க."

திரும்பினேன்.

இனி இந்த வண்டி எந்த மூலையில் திரும்பினாலும், வருவதையும் சொல்வேன், வராததையும் சொல்வேன். பக்கத்து வண்டிக்காரன் என்னைப் பைத்தியம் என்று நினைத்தாலும் சொல்வேன். இனி ஒரு தடவைகூட உங்களிடம் பேசாமல் இருக்க மாட்டேன். இது சத்தியம்.

உங்கள் இடது பக்கம் உட்கார்ந்திருந்த மனைவி,
தனா அம்மா