உன் தங்கையின் இடது கை

பெரியவளுக்கு அம்மா எழுதுவது.

நேரத்துக்குச் சாப்பிட்டு, குளிருக்குப் போர்த்திக்கொண்டு தூங்கி, நீ அங்கே நல்லபடி இருக்கிறாய் என்று நம்பித்தான் இதைத் தொடங்குகிறேன். இங்கே நாங்களும் அப்படியே என்று அடுத்த வரி எழுத வேண்டும், கை ஓடவில்லை. போனில் சொல்லலாம் என்றால் இரண்டு வார்த்தைக்குள் எனக்கு அழுகை வந்துவிடுகிறது, நீயும் ஆய்வகத்தில் இருக்கேம்மா அப்புறம் பேசறேன் என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். பாதியில் நிறுத்தாமல் படி.

உன் தங்கை ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். திங்கட்கிழமை சலூனில் ஒருவருக்குத் தலைமுடி உலர்த்திக்கொண்டிருந்தவள் கண் இருட்டி விழுந்துவிட்டாள். எனக்குச் செய்தி வந்தபோது நான் கார் ஓட்டப் பழக வந்த ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்தபடி சாலையில் இருந்தேன், பேங்கிலிருந்து ஓய்வு பெற்றவர், மூன்றாவது கியர் பக்கமே இன்னும் போகாதவர். இடம் மாறி நானே ஓட்டலாம் என்றால் கண்ணீரில் சாலையே தெரியவில்லை. நீங்க அழாதீங்க டீச்சர், நான் கொண்டு போய் விடறேன் என்று அவரே ஓட்டினார். சிக்னலுக்குச் சிக்னல் வண்டி அணைந்தது, பின்னால் இருந்தவர்கள் ஹாரனாலேயே எங்களைத் திட்டினார்கள், அந்த மனிதர் வியர்த்து ஊற்ற ஊற்ற யாரையும் பார்க்காமல் கொண்டு சேர்த்தார். நல்லா இருக்கட்டும்.

உள்ளே போனால் நர்ஸ் இவள் இடது கையைப் பிடித்து நாடியைத் தேடிக்கொண்டிருக்கிறாள், கிடைக்கவில்லை. வலது கையில் நூல் போல ஏதோ ஓடுகிறது. பயந்துபோய் இன்னொரு நர்ஸைக் கூப்பிட்டாள். உன் தங்கை கண்ணைத் திறக்காமலே, “உயிரோடதான் இருக்கேன், எழுதிக்கோங்க” என்றாள். அந்த நிலையிலும் அவளுக்கு வாய் குறையவில்லை. கடைசியில் தொடையில் பட்டையைக் கட்டி ரத்த அழுத்தம் பார்த்தார்கள். இவளுக்குக் கையில் பார்த்தால் குறைத்துக் காட்டுமாம், காலில் பார்த்தபோது அது எங்கேயோ எகிறிக் கிடந்தது.

நீ ஆராய்ச்சி செய்வதே இந்த நோயைத்தான் என்பதால் உனக்கு நான் சொல்லித் தர ஒன்றுமில்லை. ஆனாலும் டாக்டரம்மா எனக்குச் சொன்ன மாதிரியே எழுதுகிறேன், எழுதினால் எனக்காவது விளங்குமா என்று பார்க்கிறேன். கிருமி வந்தால் அடித்து விரட்ட வேண்டிய வெள்ளணுக்கள் இவளுடைய பெரிய ரத்தக் குழாயின் சுவரையே எதிரி என்று நினைத்து உள்ளே புகுந்துவிட்டன. போனதோடு நிற்காமல் ஒன்றை ஒன்று கூவிக் கூவி அழைக்கின்றன. கூட்டம் சேரச் சேரச் சுவர் தடிக்கிறது, வழி குறுகுகிறது. வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய் முறையிடுவது? போன வருஷம் டிரையரைத் தூக்கிப் பிடித்தால் கை கடுக்குதும்மா என்றாளே, அப்பா கூட வேலைக்குப் போகச் சோம்பல் என்று கேலி செய்தாரே, அது இதன் தொடக்கம்தான்.

நோய் தெரிந்தபோது கொடுத்த மாத்திரையைத் தானாகவே நிறுத்தியிருக்கிறாள். எங்கள் யாருக்கும் தெரியாது. ஏன்டி இப்படிப் பண்ணினே என்று கேட்டேன். அந்த மாத்திரை அவள் முகத்தை ஊதிப் பந்தாக்கிவிட்டது, அது உனக்கும் தெரியும். “நாள் முழுக்கக் கண்ணாடி முன்னாடி நிக்கற பொழப்பும்மா எனக்கு. வர்றவங்க முடிக்குப் பின்னாடி என் மூஞ்சிதான் தெரியுது. யார் இவள்னு எனக்கே தோணுது” என்றாள். உன் அப்பா பாவம், அவள் வருத்தப்படுகிறாள் என்று வீட்டுக் கண்ணாடியை ஒரு நாள் கழற்றிப் பரண் மேல் போட்டுவிட்டுத் தடவித் தடவிச் சவரம் செய்து மோவாயைக் கிழித்துக்கொண்டார். அதற்கும் சண்டை. என்னைப் பாக்க உங்களுக்கே பயமா இருக்கா என்று கேட்டு அன்றைக்கு அவள் சாப்பிடவே இல்லை.

இப்போது கழுத்து வழியாகத் தலைக்குப் போகிற ரத்தக் குழாய் இரண்டும் சுருங்கிவிட்டன. எழுந்து நின்றால் இடது கண்ணில் திரை விழுகிறது. ஆபரேஷன் செய்து வழியைத் திறந்துவிடக் கூடாதா என்று டாக்டரம்மா காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். சுவர் எரிந்துகொண்டிருக்கும்போது கை வைத்தால் திறந்த வழி மறுபடி மூடிக்கொள்ளும், முதலில் நெருப்பு அடங்க வேண்டும் என்றார். அந்த அணுக்கள் கூவுவது ஒன்றுக்கொன்று கேட்காதபடி காதை அடைக்கிற ஊசி ஒன்று இருக்கிறதாம். பலிக்குமா என்று கேட்டேன். “சிலருக்குக் கேக்குது, சிலருக்குக் கேக்கலம்மா. யாருக்குன்னு முன்னாடியே சொல்ல இன்னும் வழியில்ல. உங்க பெரிய பொண்ணு மாதிரி ஆளுங்க அதைத்தான் தேடிட்டிருக்காங்க” என்றார். எனக்குப் பெருமைப்படவும் தெரியவில்லை, அழவும் தெரியவில்லை.

இவள் ஊசியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கெஞ்சினேன், மிரட்டினேன், வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். கல்லில் நார் உரிக்கிற வேலை. அப்பாவுக்கு இருமல் என்பதால் உள்ளே விடவில்லை, அவர் கதவுக் கண்ணாடி வழியாகக் கும்பிட்டுக்கொண்டே நின்றார். பெற்ற மகளைப் பார்த்து ஒரு தகப்பன் கும்பிடுவதை நான் பார்த்தேன். அவள் அதற்கும் அசையவில்லை. நேற்று மத்தியானம் பாத்ரூம் போக எழுந்து நின்றவள் சட்டென்று என் தோளைப் பிடித்தாள், “அம்மா, உன் மூஞ்சி தெரியல” என்றாள். சின்ன வயதில் கூட்டத்தில் என் கையை விட்டபோது வந்த அதே குரல். கொஞ்ச நேரத்தில் பார்வை திரும்பிவிட்டது. படுத்தவள் இந்த முறை சுவர்ப் பக்கம் திரும்பாமல், ஊசிக்கு எங்கே கையெழுத்துப் போடணும் என்று கேட்டாள். இன்று காலை முதல் ஊசி ஏறிவிட்டது. கேட்குமா கேட்காதா என்று தெரிய வாரக்கணக்காகும் என்கிறார்கள். அதுவரை நான் எப்படி மூச்சு விடுவேன் என்று யாரும் சொல்லவில்லை.

இனி உனக்கு. அக்காவுக்குச் சொல்லட்டுமாடி என்று கேட்டேன். “சொல்லாத. அவ ரிப்போர்ட்டைத்தான் கேப்பா” என்றாள். அன்றைக்கு நோய் இன்னதென்று தெரிந்தபோது நீ போனில் அவளிடம் முதலில் ரத்தப் பரிசோதனை எவ்வளவு என்று கேட்டாய், அடுத்ததாக உங்கள் ஆராய்ச்சிக்கு ஒரு குழாய் ரத்தம் அனுப்ப முடியுமா என்றாய். நான் என்ன உன் எலியா என்று அவள் போனை வைத்ததுதான், இத்தனை மாதமாக இருவரும் பேசவில்லை. நீ கெட்ட மனதோடு கேட்கவில்லை, அவளைக் காப்பாற்றத்தான் கேட்டாய் என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியவில்லை. தெரியவைக்க என்னால் முடியவில்லை, நீ வந்தால்தான் முடியும். பரிசோதனையைப் பாதியில் விட முடியாதும்மா என்பாய். உன் எலிகளைப் பார்த்துக்கொள்ள அங்கே யாராவது கிடைப்பார்கள். இவளுக்கு இன்னொரு அக்கா எங்கே கிடைப்பாள்? மருந்தை நீ கண்டுபிடிக்கும்வரை இவள் இருக்க வேண்டாமா? எழுதக் கூடாததை எழுதிவிட்டேன், அடித்துவிட்டு எழுதவும் தெம்பில்லை.

கிளம்பி வா. சளி இருமல் இருந்தால் முகமூடியோடு வா, ஊசி போட்டவளுக்கு எது வந்தாலும் தாங்காதாம், ஆனால் அதைச் சாக்காக வைத்து நின்றுவிடாதே. நீ இருக்கும் இடத்தில் எந்தக் குறையும் அண்டாமல், எடுத்த காரியம் கைகூடி, நூறு வருஷம் நீ நன்றாக இருக்க வேண்டும், உன்னோடு அவளும் இருக்க வேண்டும்.

மறந்துவிடாதே, இதைப் படித்ததும் டாக்டருக்குப் போன் போடாதே, எனக்கும் போடாதே. அவளுக்குப் போடு. எடுக்காவிட்டால் மறுபடி போடு. எடுத்ததும் சாப்பிட்டியாடி என்று கேள். அதற்கு அவள் என்ன பதில் சொன்னாலும், திட்டினாலும்கூட, அடுத்த கேள்வி எதுவும் கேட்காமல் கேட்டுக்கொண்டே இரு.

வழி பார்த்திருக்கும்,
அம்மா