எல்லாவற்றுக்கும் சாரல்

இன்று காலை காரின் டிக்கியைத் திறந்தேன். ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் உங்கள் கட்டம் போட்ட துண்டு கிடந்தது. பெட்ரோலும் ஈரமும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன். நீங்கள் போனபின் வரும் முதல் சாரல் சீசன் இது.

தென்காசிக்காரர்களுக்கு எல்லாக் கோளாறுக்கும் ஒரே காரணம்தான். அப்பளம் நமுத்தால் சாரல், சுவரில் பூஞ்சை பூத்தால் சாரல், கார் இழுக்காவிட்டாலும் சாரல். சீசன் வந்தால் நம் பழைய காருக்கு மெதுவாக ஓடும்போது உயிரே இருக்காது. கிளட்சை விட்டதும் முனகி நின்றுவிடும். நீங்கள் பானெட்டைத் திறந்து, பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, இந்தத் துண்டால் உள்ளே அழுத்தி அழுத்தித் துடைப்பீர்கள். "ஏட்டி, ஈரந்தான். வேற ஒண்ணுமில்ல." முகத்தில் பெரிய மேதை களை வேறு!

அப்படி ஒரு சீசனில் புனலூர்க் கல்யாணத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். தென்மலை தாண்டியதும் பின்சீட்டில் நம் குட்டி மகளுக்கு மூச்சிரைப்பு வந்துவிட்டது. தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். ஏற்றத்தில் கார் நின்று, பின்னால் உருண்டது. ஒரு பக்கம் பள்ளம். பின்னால் வந்த லாரி ஹாரனை அலறவிட்டு ஒதுங்கிப் போனது. நான் குதித்து, சக்கரத்துக்குக் கல்லைக் கொடுத்தேன்.

நீங்கள் துடைத்தீர்கள். கார் கிளம்பி, முன்னைவிட மோசமாக முக்கி நின்றது. மறுபடியும் துடைத்தீர்கள். அப்போதுதான் என் கண்ணில் பட்டது.

"ஏங்க, நீங்க துடைக்கத் துடைக்க அந்த டிஸ்ட்ரிபியூட்டரே திரும்புது!"

அதைப் பிடித்திருக்கும் போல்ட் தளர்ந்திருந்தது. ஒவ்வொரு சாரலுக்கும் துடைத்துத் துடைத்தே டைமிங்கை, அதாவது பொறி விழும் நேரத்தை, நகர்த்தியிருக்கிறீர்கள். பொறி பிந்தி விழுந்தால் எஞ்சினுக்கு இழுவை ஏது?

"ஏட்டி, அப்ப நாந்தான் கெடுத்திருக்கேனா?" உங்கள் குரலில் முதல்முறையாகப் பயத்தைக் கேட்டேன்.

எஞ்சினை ஓடவிட்டு நீங்கள் இம்மி இம்மியாகத் திருப்பினீர்கள். மகளை மடியில் வைத்துக்கொண்டு நான் சத்தத்தைக் கவனித்தேன். முனகல் தெளிந்ததும், "அங்கனயே நிறுத்துங்க!" என்று கத்தினேன். போல்ட்டை முறுக்கினீர்கள். கார் ஏறியது. மகள் பிழைத்தாள்.

அதன்பின் காருக்குச் சாரலைக் காரணம் சொல்வதை விட்டுவிட்டீர்கள். உங்கள் உடம்புக்குச் சொல்வதைத்தான் விடவில்லை. போன சீசனில் மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். "சாரக்காத்துதான். சுக்குக்காப்பி குடிச்சா சரியாயிரும்." நான் காப்பியோடு வந்தபோது உங்களுக்கு மூச்சு இல்லை.

இன்று காலை மகள் சொல்கிறாள்: "லேசா மூச்சு வாங்குதும்மா. சாரல்தான், வேற ஒண்ணுமில்ல."

"சாரலாவது மண்ணாவது! வண்டியில ஏறுட்டி!"

அவள் பையை வைக்கத்தான் டிக்கியைத் திறந்தேன். இப்போது ஆஸ்பத்திரி வராந்தாவில், உங்கள் துண்டை மடியில் போட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன். உள்ளே அவளுக்கு மருந்துப்புகை பிடிக்க வைத்திருக்கிறார்கள். "நேரத்தோடு கொண்டுவந்தீங்கம்மா, பிந்தியிருந்தா கஷ்டம்" என்றார் டாக்டர். அப்படியும் பயம் போகவில்லை.

போக வேண்டாம். நீங்கள் எனக்கு விட்டுப்போன பயம் இது. இதை மட்டும் நான் துடைக்கமாட்டேன்.