பாலுக்கு ஏது வேதம்

மதினி,

இன்று காலை பக்கத்து வீட்டுப் பெண் தன் கைக்குழந்தையை என் மடியில் போட்டுவிட்டுச் சந்தைக்கு ஓடினாள். வயிறு நிறையக் குடித்துவிட்டுத் தூங்கிப்போன குழந்தை. அதன் கழுத்து மடிப்பிலிருந்து பாலும் வியர்வையும் கலந்த லேசான புளிப்பு மணம் வந்தது. பண்டாரவளைக் குளிரில், வாசல் வெயிலில் உட்கார்ந்திருந்த எனக்கு உன் ரவிக்கை ஞாபகம் வந்துவிட்டது. அழுதுவிட்டேன். குழந்தை விழிக்கக் கூடாதே என்று சத்தமில்லாமல் அழுதேன்.

கோத்தகிரியில் நீ கண்மூடிவிட்டாய் என்று அங்கே உறவுள்ள ஒருவர் வந்து சொல்லிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. அவர் சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை. நீ கடல் தாண்டி இந்தியாவுக்குப் போன நாளிலேயே உன்னை அழுது தீர்த்துவிட்டதாக நினைத்திருந்தேன்.

ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாய் அறைகள் வைத்த நம் லயம் உனக்கு மறந்திருக்காது. உன் காம்பராவுக்கும் என் காம்பராவுக்கும் நடுவில் ஒரே சுவர், அதுவும் கூரை வரைக்கும் எட்டாத சுவர். நீயும் உன் வீட்டுக்காரரும் வேறு தோட்டத்திலிருந்து பெட்டி படுக்கையோடு வந்து இறங்கிய அன்று, எங்களோடு இருந்த என் நாத்தனார் உங்கள் சாமான்களை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். “வேதக்காரங்க. சிலுவை வச்சிருக்காங்க. நீ தள்ளியே இரு” என்றாள். கிறிஸ்தவர்களை எங்கள் தோட்டத்தில் அப்படித்தான் சொல்வோம். சாதியும் அவள் மனதில் ஓடியிருக்கும். அதை மட்டும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

தள்ளி இருக்க நீ எங்கே விட்டாய்? மறுநாளே எங்கள் வாசல் திண்ணையில், இஸ்தோப்பில் வந்து நின்று, “மதினி, அடுப்புத் தணல் கொஞ்சம் இருக்கா?” என்று கேட்டாய். எந்த உறவும் இல்லாதவளை மதினி என்று கூப்பிட்டாய், நான் உன் சிரட்டையில் தணலை அள்ளிப் போட்டேன். அதற்குப் பிறகு மிளகாய், உப்பு, சீப்பு என்று ஏதாவது ஒன்று அந்த வாசலுக்கும் இந்த வாசலுக்கும் போய்க்கொண்டே இருந்தது. மலையிலும் பக்கத்துப் பக்கத்து நிரையில்தான் கொழுந்தெடுத்தோம். நான் மசக்கையில் தலை சுற்றி உட்கார்ந்தால், கங்காணி பார்க்காத நேரத்தில் உன் கூடையிலிருந்து என் கூடைக்கு ஒரு பிடி விழும். உன் சாமியைப் பற்றி நீ என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் புறப்படுமுன் நீ முணுமுணுக்கும் பாட்டுதான் சுவருக்கு மேலாக எங்கள் பக்கம் வரும். நாத்தனாருக்கு அதுவே பிடிக்காது.

நீயும் மாசமாய் இருந்தாய். உனக்கு முந்திவிட்டது. பெண் குழந்தை. அரிசி கிடைக்காமல், மாவும் கிடைக்காமல், தோட்டமே மரவள்ளிக் கிழங்கைத் தின்று கிடந்த காலம் அது. சளி கட்டி, மூச்சுத் திணறி, பேர்கூட வைக்காத குழந்தை போய்ச் சேர்ந்தது. தேயிலைப் பெட்டிப் பலகையில் உன் வீட்டுக்காரர் சின்னதாக ஒரு பெட்டி அடித்தார். நிறைமாசக்காரி என்று என்னை அடக்கத்துக்கு விடவில்லை. பின்கதவில் நின்று பார்த்தேன். உங்கள் கோயில் உபதேசியார் முன்னால் போக, அந்தப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உன் வீட்டுக்காரர் சரிவில் இறங்கினார். சின்னப் பெட்டிதானே, தூக்க ஆள் தேவைப்படவில்லை. மறுநாள் விடியற்காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டு இல்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை.

எனக்குப் பையன் பிறந்தான். பிறந்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, உடம்பு தீயாய்க் கொதித்தது. நினைவு தப்பியதாகச் சொன்னார்கள். தோட்டத்து லொறியில் படுக்கவைத்து பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். குழந்தைக்கும் தொற்றிவிடும் என்று மருத்துவிச்சி அம்மா அவனை வீட்டிலேயே நிறுத்திவிட்டார்.

அதன் பிறகு நடந்தது எதையும் நான் கண்ணால் காணவில்லை. எல்லாம் நாத்தனார் சொன்னதுதான். அவள் பொய் சேர்க்க மாட்டாள், அதுவும் உனக்குச் சாதகமாக.

டின்பாலுக்கு என் புருஷன் பதுளைக் கடைகள் எல்லாம் ஏறி இறங்கினாராம். இல்லை. சீனித் தண்ணீரைத் துணியில் நனைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டாளாம் நாத்தனார். முதலில் பையன் லயமே கேட்க அழுதிருக்கிறான். பிறகு பூனைக்குட்டி மாதிரி முனகினான். அழுகை குறையக் குறைய அவளுக்குப் பயம் கூடியிருக்கிறது.

அப்போதுதான் நீ வாசலில் வந்து நின்றாய். மாரை மறைத்திருந்த சேலை முழுக்க நனைந்திருந்தது. புதைத்துப் பத்து நாள்கூட ஆகியிருக்காது, உன் மார் இன்னும் வற்றவில்லை.

“அக்கா, புள்ளயக் குடுங்க” என்றாய்.

நாத்தனார் குழந்தையை இறுக்கிக்கொண்டாளாம். “நீங்க வேதக்காரங்க. எங்க வீட்டுப் புள்ளைக்கு எப்படி…”

“பாலுக்கு ஏதுக்கா வேதம்? ஒங்களுக்குச் சந்தேகமா இருந்தா ஒங்க சாமி படத்துக்குக் கீழயே உக்காந்து குடுக்கிறேன். நீங்க பாத்துக்கிட்டே இருங்க.”

சொன்னபடியே உள்ளே வந்து, மாரியம்மன் படத்துக்குக் கீழே சாணி மெழுகிய தரையில் உட்கார்ந்து கையை நீட்டினாய். “நான் எப்படிக் குடுத்தேன்னு எனக்கே தெரியல” என்று நாத்தனார் பலமுறை சொல்லியிருக்கிறாள். பையன் வாய் வைத்ததும் நீ ஒரு சத்தம் போட்டாயாம். வலியில் போட்ட சத்தம் என்று முதலில் நினைத்திருக்கிறாள். பார்த்தால், கண்ணிலிருந்து தாரைதாரையாக ஊற்றுகிறது. ஆனால் பிள்ளையைப் பிடித்திருந்த கை ஆடவில்லையாம்.

மாசக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்து நான் திரும்பி வந்தபோது வாசலில் என்னை முதலில் பார்த்தது என் பிள்ளை. உன் இடுப்பில் இருந்தான். கன்னம் உப்பி, கையில் மடிப்பு விழுந்து, இது என் பிள்ளைதானா என்று இருந்தது. வாங்கினேன், அலறினான். உன் பக்கமே தாவினான். நீ சிரித்தாய், கண்ணையும் துடைத்துக்கொண்டாய். “கொஞ்சம் பொறு மதினி, மணம் பழகணும்” என்றாய். ஆஸ்பத்திரியிலேயே எனக்குப் பால் நின்றுவிட்டிருந்தது. அதனால் நீதான் தொடர்ந்து கொடுத்தாய். என் முன்னாலேயே கொடுத்தாய், கொடுத்து முடித்ததும் அவன் வாயைத் துடைத்து என் மடியில் வைப்பாய். என் பிள்ளைக்கு என்னைப் பழக்கிவிட்டவளும் நீதான்.

ஒரு மத்தியானம் இருவரும் இஸ்தோப்பில் உட்கார்ந்து கிழங்கு உரித்துக்கொண்டிருந்தோம். பையன் நடுவில் கிடந்தான். அடக்கமாட்டாமல் கேட்டேன்.

“ஒனக்கு வலிக்கலையா மதினி?”

“வலிச்சுது. மொத நாள் அவன் வாய் வச்சப்ப எம்புள்ள மொகந்தான் தெரிஞ்சுது. தூக்கிப் போட்டுட்டு ஓடிறலாம்னு இருந்துச்சு.”

“ஒங்க சாமி மேல கோவம் வரலையா?”

“வந்துச்சு. இன்னமும் இருக்கு. அதயும் அவருகிட்டதான் சொல்றேன். வேற யாருகிட்ட போய்ச் சொல்ல?”

“அவரு என்ன சொல்றாரு?”

“ஒண்ணும் சொல்லல.” கத்தியில் ஒட்டியிருந்த தோலை வழித்துப் போட்டாய். “ஆனா அவரும் புள்ளயப் பறிகுடுத்தவரு. அந்த வலி தெரியாத ஆளில்ல.”

கையிலிருந்த கிழங்கைக் கீழே வைத்தேன். “சாமிக்குப் புள்ள செத்துச்சா?”

அப்போதுதான் அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொன்னாய். குஷ்டரோகியைத் தொட்டவர், யாரும் சேர்க்காதவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டவர், அவரைப் பிடித்து மரத்தில் ஆணி அடித்ததை, பெற்றவள் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்ததை. கதை சொல்கிற குரலில் நீ சொல்லவில்லை. பக்கத்து லயத்தில் நடந்ததைப் போலச் சொன்னாய். “அப்பறம்?” என்றேன். “அப்பறம் எந்திரிச்சாரு. எம்புள்ளயும் எந்திரிக்கும்” என்றாய். நாளைக்கும் பெரட்டு உண்டு என்று சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த கிழங்கை எடுத்தாய்.

எனக்கு உடம்பு புல்லரித்தது. எங்கள் திருவிழாவில் சாமி வந்து ஆடுபவர்களுக்கு முன்னால் நின்று நடுங்கியிருக்கிறேன். அந்த நடுக்கம் கிழங்குத் தோலுக்கு நடுவில், கிழிந்த ரவிக்கை போட்ட உன் முன்னால் வரும் என்று நினைக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு உன் வாசலில் நின்றேன். “நானும் கோயிலுக்கு வாறேன்” என்றேன். என் சேலையையும் முகத்தையும் பார்த்தாய்.

“பாலுக்காக வராத மதினி.”

“என்ன சொல்ற?”

“நான் பால் குடுத்தேன்னு நீ வந்தா, அத நான் வித்ததா ஆயிரும். இன்னிக்கு வேணாம். அவரு கூப்பிடுறாருன்னு ஒனக்கே தோணுற அன்னிக்கு வா. ஒன் கூடவே நடந்து வாறேன்.”

என்னை வாசலிலேயே விட்டுவிட்டு நீ தனியாக மலையேறிப் போனாய். எனக்குக் கோபம். அவமானமாகக்கூட இருந்தது. நீ எவ்வளவு பெரிய காரியம் செய்தாய் என்று விளங்க எனக்கு வருஷங்கள் பிடித்தன. உன் கோயிலில் ஆள் சேர்ந்தால் யாருக்குச் சந்தோஷம், உனக்குத்தானே? அதைக்கூட வேண்டாம் என்று சொன்னவள் நீ.

எங்கள் திருவிழா வந்தால், நாங்கள் காவடிக்குப் பின்னால் போய்வரும் வரைக்கும் லயத்துப் பிள்ளைகளை எல்லாம் நீ பார்த்துக்கொள்வாய். உங்கள் பண்டிகைக்கு முதல் பலகாரம் நாத்தனாருக்குத்தான் வரும். அவள் கடைசிவரை மாரியம்மனைத்தான் கும்பிட்டாள். ஆனால் உன்னைப் ‘பாலம்மா’ என்று கூப்பிடச் சொல்லிப் பையனுக்குக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். உன் விடியற்காலைப் பாட்டு திரும்ப வந்த நாளில், “இன்னிக்குத்தான் வீடு வீடா இருக்கு” என்றாளே, கேட்டதா உனக்கு?

பிறகு உங்களை இந்தியாவுக்கு அனுப்பும் கடதாசி வந்தது. பதுளை ஸ்டேஷனில் அன்று ஒரே ஓலம். அந்த ரயிலுக்கு அழுகைக் கோச்சி என்றே பேர் வைத்திருந்தார்கள். நாத்தனார் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து, ஜன்னல் வழியாக உன் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சாதி பார்த்தவள், மதினி. பையன் “பாலம்மா எப்ப வரும்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான். கோச்சி நகர்ந்தபோதும் நீ என்னிடம் கோயிலைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

நீ போன அடுத்த வருஷம் நானாகவே போனேன். உன் கூடவே நடந்து வருவதாகச் சொன்ன அந்த மலைப்பாதையில் தனியாக ஏறினேன். புருஷன் கொஞ்ச நாள் முகம் கொடுக்கவில்லை, பிறகு சரியாகிவிட்டார். ஞானஸ்நானத்துக்கு முன் உபதேசியார் கேட்டார்:

“ஆண்டவரப் பத்தி ஒங்களுக்கு யாரும்மா சொன்னது?”

உன் பெயரைச் சொன்னேன்.

“என்ன சொன்னாங்க?”

இத்தனை வருஷத்தில் நீ சொன்னதை எல்லாம் கூட்டினாலும் நாலு கிழங்கு உரிக்கிற நேரத்துக்குக் காணாது. பக்கத்தில் நின்ற பையனைத் தோளைப் பிடித்து அவர் முன்னால் நிறுத்தினேன். உன் குழந்தையை அடக்கம் செய்தவர் அவர்தான், இவன் யார் பால் குடித்து வளர்ந்தான் என்பதும் அவருக்குத் தெரியும். அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்து என் பெயரை எழுதினார்.

பையன் இப்போது என்னைவிட உயரம். நாங்கள் தோட்டத்தை விட்டு இங்கே வந்துவிட்டோம். நான் படித்தவள் இல்லை மதினி, பெரிய ஜெபமெல்லாம் எனக்கு வராது. முழங்காலிட்டால் முதலில் ஒரே ஒரு நினைப்புதான் வரும். புதைத்த மண் காயுமுன், இன்னொருத்தி பிள்ளைக்குக் கையை நீட்டி, ஓடிவிடாமல் எப்படி உட்கார்ந்திருந்தாய்? அந்தப் பலம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு நாளும் மலைத்துப்போய்க் கொஞ்ச நேரம் சும்மா இருக்கிறேன். அதன் பிறகுதான் எனக்கு வார்த்தை வருகிறது.