நீல ரிப்பனின் நீளம்

அன்புள்ள வாலுவின் அப்பாவுக்கு,

நானும் வாலுவும் நலம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கிறீர்களா, இல்லை வழக்கம்போல் சோம்பலா? எனக்குத்தான் திங்கட்கிழமையிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. காய்ச்சல் கீய்ச்சல் ஒன்றுமில்லை. அருவருப்பு.

இரண்டாம் வகுப்புக்கு அளவுகோல் பாடம் எடுக்கிறேன். பென்சிலை அளக்கச் சொன்னால் அதன் நுனியைப் பிள்ளைகள் ஒன்றில்தான் வைக்கும். எண்ணும்போது ஒன்றில்தானே தொடங்குகிறோம்! பூஜ்யத்தில் வைக்கப் பழக்குவதற்குள் என் தொண்டை கட்டிவிட்டது. ஆனால் பழகிவிட்டார்கள், நம் வாலு உட்பட.

திங்கட்கிழமை அதிகாரி பார்வையிட வந்தார். உடனே தலைமையாசிரியை என் கையிலிருந்து அளவுகோலைப் பிடுங்கித் தானே பாடம் நடத்தினாள். சிவப்பு ரிப்பனைப் பூஜ்யத்தில் வைத்தாள், நீல ரிப்பனை ஒன்றில் வைத்தாள். நீலத்தின் மறுமுனை ஓர் எண் தள்ளி நின்றதால் நீலம்தான் நீளம் என்று அறிவித்தாள். இரண்டும் ஒரே நீளம், நானே வெட்டியவை! வாலு எழுந்து போய் இரண்டையும் சேர்த்துப் பிடித்து, “டீச்சர், ரெண்டும் ஒண்ணுதான், நீங்க தப்பா வெச்சிட்டீங்க” என்றாள். வகுப்பே சிரித்தது. அந்த அதிகாரி டீயை உறிஞ்சிக்கொண்டே பாடம் பிரமாதம் என்று எழுதிவிட்டுப் போனார்.

இப்போது வெள்ளிக்கிழமைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் வாலு மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். நீலம்தான் நீளம் என்று நான் வகுப்பில் சொல்ல வேண்டுமாம். இல்லையென்றால் எனக்கு வேலை கிடையாது என்கிறாள் தலைமையாசிரியை. ஆசிரியர் அறையில் ஒருவராவது வாய் திறப்பார்கள் என்று பார்த்தேன். வருஷக்கணக்காகக் கணக்கு எடுக்கும் நாலாம் வகுப்பு டீச்சர், அதிகாரி மிச்சம் வைத்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டே, “ஒண்ணுல வெச்சா என்ன, குடியா முழுகிடும்?” என்றாள். விரலில் ஒட்டிய க்ரீமை நக்கிக்கொண்டாள்.

அதுகூடப் பரவாயில்லை. நேற்று வாலு வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தவள், “அம்மா, பெரியவங்க பார்க்கும்போது மட்டும் ஒண்ணுல வைக்கட்டுமா?” என்று கேட்டாள். அவ்வளவு சாதாரணமாக. கையெழுத்து அழகாக வர வேண்டுமா என்று கேட்கிற மாதிரி.

நாளைதான் வெள்ளிக்கிழமை. அவள் மன்னிப்புக் கேட்க மாட்டாள், நானும் பொய் சொல்ல மாட்டேன். வேலை போகட்டும். அதற்காக என்னைத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கூப்பிடும்போது போனை அவள்தான் எடுப்பாள். என்னிடம் எப்போதும் சொல்வீர்களே, அனுசரித்துப் போ என்று. உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன், அதை அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள்,
வாலுவின் அம்மா