நாற்பத்து மூன்று விநாடி

மார்ச் 4, செவ்வாய்

இன்று பதினோரு பேர். தோள்பட்டை இறுகிப்போன வாத்தியார் கையைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டு, அது தன் கைதானா என்று அண்ணாந்து பார்த்தார். பிசியோதெரபி படித்ததற்கு அந்த முகம் ஒன்று போதும்.

அண்ணா ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். அவங்க ஆட்கள் கூட்டமாக நின்று நம் வழிபாட்டு இடத்தை இடிக்கிறார்களாம், இங்கேதான், நேற்றுதான். லிப்டில் ஏறியதும் பார்த்தேன். மூன்றாவது மாடி வருவதற்குள் எங்கள் குடியிருப்பு குரூப்புக்குத் தள்ளிவிட்டேன். கீழே ஒரு வரியும் சேர்த்தேன்: 'குழந்தைகளை வெளியே அனுப்ப வேண்டாம். நம்பகமான இடத்திலிருந்து வந்தது.'

துணி இன்னும் காயவில்லை.

மார்ச் 5, புதன்

கடைத்தெருவில் கலவரம். பால்கனியிலிருந்து பார்த்தால் மூன்று இடத்தில் புகை. மருத்துவமனைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நல்லவேளை, நேற்றே எல்லாரையும் எச்சரித்தேன்.

மார்ச் 6, வியாழன்

ஊரடங்கு. நெட் இல்லை. போன் வெறும் கடிகாரமாகிவிட்டது.

மார்ச் 20, வியாழன்

நெட் வந்தது. கூடவே இதுவும் வந்தது: அந்த வீடியோ ஆறு வருடம் பழையது. வேறு ஏதோ நாட்டில், சாலை போடுவதற்காக அரசாங்கமே இடித்த ஒரு பழைய கட்டடம்.

இன்றுதான் முழுவதும் பார்த்தேன். நாற்பத்து மூன்று விநாடி. இருபதாவது விநாடியில் பின்னால் ஒரு பேருந்து போகிறது. நம் ஊரில் வண்டிகள் போகும் பக்கத்தில் அல்ல, எதிர்ப்பக்கத்தில். சின்னக் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். நான் பார்த்தது முதல் ஐந்து விநாடி.

அண்ணாவைக் கூப்பிட்டேன்.

"பொய்யாவே இருக்கட்டும் பாப்பா. அவங்க செய்யக்கூடியவங்கதானே?"

அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் எதுவுமே இல்லை.

ஏப்ரல் 17, வியாழன்

புது நோயாளி. கடைத்தெருவில் சலூன் வைத்திருந்தவர், ஐம்பது வயதிருக்கும். அவங்க ஆள். கலவரத்தன்று அவருடைய கடையின் உடைந்த கண்ணாடியிலேயே அவர் வலது கையைப் போட்டு இழுத்திருக்கிறார்கள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மடக்கும் தசைநாண்கள் அறுந்து, தைத்து, ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்த கை. மரக்கட்டை மாதிரி மேசையில் கிடந்தது.

"டாக்டரம்மா, இதுக்கு மறுபடி கத்திரி பிடிக்கத் தெரியுமா?"

"நான் டாக்டர் இல்லைங்க. கத்துக்குடுத்தா பிடிக்கும்."

"அப்போ ஸ்கூல்ல சேத்துடுங்க" என்றார். அவர் மனைவி சிரிக்கவில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

இன்று அவர் கட்டைவிரல் அசைந்தது. நான்கு டிகிரி. கோணமானியை இரண்டு முறை வைத்துப் பார்த்தேன். இத்தனை வருடமாக இதே வேலை செய்கிறேன், இன்னும் மலைப்பு போகவில்லை. அறுந்த ஒரு நாண் இருட்டுக்குள்ளேயே தன் மறுமுனையைத் தேடிப் பிடித்துக்கொள்கிறது. யார் சொல்லிக்கொடுத்தார்கள் அதற்கு?

விரலை நீவிக்கொண்டிருந்தபோது அவராகவே சொன்னார். காலை பத்து மணி. நாற்காலியில் ஒருவர், பாதி முகம் சவரமாகியிருந்தது. கூட்டம் வந்தது. அதில் நாலு பேர் அவரிடமே முடி வெட்டிக்கொள்கிறவர்கள்.

"இருபது வருஷமா இந்தத் தெருவுல எல்லார் கழுத்தும் என் கத்திக்குக் கீழதான் இருந்துச்சு. ஒருத்தரும் பயந்ததில்ல. அன்னைக்குத்தான் பயந்தாங்க."

நாற்காலியில் பாதிச் சவரத்தோடு இருந்தவர், நம்ம ஆள், துண்டும் நுரையுமாக எழுந்து வாசலை மறித்து நின்றிருக்கிறார். 'முதல்ல எனக்கு முடிக்கட்டும், அப்புறம் பேசிக்கலாம்' என்றாராம். தோளில் அடி விழுந்தும் நகரவில்லை. மூன்றாவது அடிக்குத்தான் விழுந்திருக்கிறார்.

"அவர் யாரு, என்னன்னு எனக்குத் தெரியாதும்மா. 'காதோரம் கொஞ்சம் குறைங்க' இதைத் தவிர அவர் என்கிட்ட பேசினதே கிடையாது."

என் கை நின்றுவிட்டது. அந்த மனிதரின் பையிலும் ஒரு போன் இருந்திருக்கும். அதிலும் அந்த வீடியோ வந்திருக்கும். வந்தும் எழுந்து நின்றிருக்கிறாரே.

அதன் பிறகுதான் அதைச் சொன்னார். ஒருவன் போனை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்து, பாருடா என்றானாம்.

"கீழ எழுதிக்கூட இருந்துச்சு. குழந்தைங்களை வெளிய அனுப்பாதீங்கன்னு. நம்பகமான இடத்துல இருந்து வந்ததாம்."

என் வரி. என்னுடைய வரி. மூன்று மாடி ஏறுவதற்குள் எழுதியது. ஒரே ராத்திரியில் ஊரைச் சுற்றி, இந்த மனுஷன் முகத்துக்கு எதிரே போய் நின்றிருக்கு. காற்றுகூட அவ்வளவு வேகமாகப் போகாது. நான் பாட்டுக்குத் தூங்கியிருக்கேன்.

மே 2, வெள்ளி

பதினெட்டு டிகிரி. சொல்லவில்லை.

மே 8, வியாழன்

சொல்லிவிட்டேன். அவர் கை என் கையில் இருக்கும்போதே சொன்னேன். அதற்கு முன்போ பின்போ சொல்லியிருக்கலாம். எப்போது சொன்னால் சரி?

அவர் கையை உருவவில்லை. அதன் எடை மட்டும் மாறியது. "லிப்ட்லயா?" என்றார்.

"ஆமா."

சுவரோரம் உட்கார்ந்திருந்த மனைவிதான், முதல்முறையாக, என்னிடம் பேசினாள்.

"முழுசாப் பாக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"நாப்பத்தி மூணு செகண்டு."

தலையை ஆட்டிக்கொண்டாள். தையல்காரரிடம் அளவு கேட்டுக்கொள்வது போல. அவர் இடது கையால் வலது கையை எடுத்துத் கழுத்தில் தொங்கிய துணித் தூளியில் வைத்தார். போய்விட்டார்கள்.

மே 15, வியாழன்

ஒரு வாரமாக வரவில்லை. இந்த நேரத்தில் விட்டால் நாண் தழும்போடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அந்தக் கை அவ்வளவுதான். வேறு தெரபிஸ்ட் பார்ப்பார் என்று சொல்லச் சொல்லி ஆபீஸிலிருந்து இரண்டு முறை கூப்பிட வைத்தேன். எடுக்கவில்லை.

அவருக்காகவா சொன்னேன்? என் பாரம் குறையணும்னுதானே? அவர் கையை இரண்டாவது தடவையும் நானே கெடுத்துட்டேனா?

மே 16, வெள்ளி

அரை நாள் லீவு போட்டுக் காவல் நிலையம் போனேன். போனை மேசையில் வைத்து, இந்த வரி நான் எழுதியது, எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். விசாரணை அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்களா வந்தீங்களா? யாரும் கூப்பிடாம?"

"ஆமா சார்."

"ரெண்டு மாசமா இங்க உக்காந்திருக்கேன். இந்த ஊர்ல அதை யாருமே அனுப்பல. எல்லாருக்கும் வந்துச்சு, அவ்வளவுதான்."

வழக்கில் என் பெயரும் வரலாம் என்றார். தெரியும் என்றேன்.

வீட்டுக்கு வந்து குடியிருப்பு குரூப்பிலும் இதையே எழுதினேன். ஒருவர் என்னைத் துரோகி என்றார், இரண்டு பேர் விலகினார்கள். ஒரு மணி நேரம் கழித்து ஐந்தாம் மாடி ரிட்டயர்டு இன்ஜினியர், யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாதவர், எழுதினார்: 'நான் நாலு குரூப்புக்கு அனுப்பினேன். நாளைக்கு என்னையும் அங்கே கூட்டிட்டுப் போம்மா.' அவருக்குக் கீழே இன்னொருவர். அப்புறம் இன்னொருவர். ஏழு பேர். திரையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இதே திரைதானே.

அண்ணா: 'இனி எனக்குக் கூப்பிடாதே.'

மே 22, வியாழன்

வந்தார். மனைவியும் வந்தாள்.

மேசையில் கையை வைத்தார். "கோபம் போகல" என்றார். "கையும் போயிடக்கூடாதுல்ல."

"வேற தெரபிஸ்ட் இருக்காங்க. அவங்ககிட்ட..."

"இந்தக் கைக்குள்ள எது எங்க ஒட்டியிருக்குன்னு உங்களுக்குத்தான் தெரியும். பாருங்க."

பதினொன்றுக்கு இறங்கியிருந்தது. ஒரு மணி நேரம் வேலை செய்தேன். வலித்திருக்கும், பல்லைக் கடித்துக்கொண்டார். கோபத்தைக் கோபமாகவே வைத்துக்கொண்டு, கையை மட்டும் இன்னொருத்தியிடம் நம்பிக் கொடுக்கிறாரே ஒரு மனிதர். அதற்கு எவ்வளவு பெரிய மனசு வேண்டும்? பேசினால் சின்னதாகிவிடும்.

ஜூன் 19, வியாழன்

முப்பத்தொன்பது. கட்டைவிரல் மோதிர விரலைத் தொட்டது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டோம். மனைவி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அந்த ஒரு கேள்வி கேட்டதோடு சரி, என்னிடம் ஒரு வார்த்தையும் இல்லை.

ஜூலை 11, வெள்ளி

கோர்ட்டில் வாக்குமூலம். அண்ணா வரவில்லை.

ஜூலை 31, வியாழன்

கடைசி நாள். ஐம்பத்திரண்டு டிகிரி. முழுசாக வராது, குளிர்காலத்தில் குத்தும், எல்லாம் சொன்னேன். அவர் ஸ்கூல் சர்டிபிகேட் எங்கே என்று கேட்டுவிட்டு, பைலோடு டாக்டரின் கையெழுத்துக்குப் போனார்.

மனைவி உள்ளேயே நின்றாள். அப்போதுதான் கவனித்தேன், அவள் முடி நுனி புதிதாக வெட்டியிருந்தது. ஒரே கோணல். இடது பக்கம் இரண்டு விரல் இறக்கம்.

நான் பார்ப்பதை அவள் பார்த்தாள்.

"நேத்து வெட்டினாரு" என்றாள். "ஒரு மணி நேரம் ஆச்சு. நான் அசையவே இல்ல."

"சரி பண்ணித் தரச் சொல்லலையா?"

"எதுக்கு?" என்று முடியை முன்னால் எடுத்து, அந்தக் கோணல் நன்றாகத் தெரியும்படி விட்டுக்கொண்டாள். என் நாற்காலியை இழுத்து அதில் உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் தண்ணி இருந்தா குடுங்க. அவர் வர நேரமாகும்."