பொத்தான் வைத்த கருவி

எங்கள் மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நீண்ட விவாதத்துக்குப் பிறகு நம் வீட்டில் ஒரு முடிவு எட்டப்பட்டிருக்கிறது. மின்நூல் கருவிகள் இரண்டில் தொடுதிரை உள்ளது நிராகரிக்கப்பட்டது. ஓரத்தில் பொத்தான் உள்ளது ஏகமனதாகத் தேர்வானது. வாக்களிக்கத் தகுதி பெற்றவர்கள் இருவர். அதில் ஒருவர் நாற்காலியில் தூங்கிவிட்டார். அது நான்.

தடிமனான புத்தகம் அம்மாவின் கையில் நிற்பதில்லை என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். கருவி வாங்கிக்கொள்ளுங்கள் என்று நீதான் யோசனை சொன்னாய். கடைக்காரர் நல்ல மனிதர். இரண்டையும் கொடுத்து, ஒரு வாரம் வீட்டில் வைத்துப் பாருங்கள் என்றார். இரண்டு வருட கேரண்டி என்றும் சொன்னார். உன் அம்மா, "எனக்கே அவ்வளவு கேரண்டி இல்ல தம்பி, மெஷினுக்கு எதுக்கு?" என்றாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

தொடுதிரைக் கருவி அப்பளம் போல மெல்லியது, அழகு. ஆனால் பக்கம் திருப்ப விரலைத் தூக்கி, சரியான இடத்தில் தொட்டு, உடனே எடுக்க வேண்டும். அம்மாவின் விரல் போன இடத்திலேயே தங்கிவிடுகிறது. அகராதி திறக்கிறது, அத்தியாயம் தாவுகிறது. ஒருமுறை அது நாய் வளர்ப்பு பற்றிய நூல் ஒன்றை வாங்கவே முனைந்தது. மற்றது செங்கல் மாதிரி இருக்கிறது. ஆனால் தலையணையில் சாய்த்து வைத்து, பொத்தான் மேல் கட்டைவிரலை வைத்துவிட்டால் போதும். லேசாக அமுக்கினால் பக்கம் புரளும். கட்டைவிரல் இன்னும் சொன்ன பேச்சைக் கேட்கிறது.

இரண்டுக்கும் பொதுவான ஒரு குறையும் உண்டு. எந்தக் கதையானாலும் கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிடுவது உன் அம்மாவின் வழக்கம் என்பது உனக்குத் தெரியும். கொலைகாரன் யார் என்று தெரியாமல் எப்படி நிம்மதியாகப் படிப்பது என்பாள். கையில் புத்தகம் இருந்தால் ஒரு புரட்டு. கருவியில் அதற்கு நாலு இடத்தில் அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது.

டாக்டரிடமும் இதே கதைதான். அவர் படிப்படியாகப் பார்ப்போம் என்று ஆரம்பித்தார். இவள், "கடைசிப் பக்கத்தைச் சொல்லுங்க டாக்டர்" என்றாள். அவர் சொல்லத் தயங்கினார். மருந்துக் கடையில் உட்கார்ந்து இருபது வருடம் டாக்டர்களின் கையெழுத்தைப் படித்தவளுக்கு டாக்டரின் முகத்தைப் படிப்பது ஒரு வேலையா? வெளியே வந்ததும் என்னிடம், "அவகிட்ட உளறி வைக்காதீங்க. அவ முதல் பக்கத்துலேருந்து படிக்கிறவ" என்றாள். சின்ன வயதில் யாராவது கதையின் முடிவைச் சொல்லிவிட்டால் நீ அன்றைக்குச் சோறே தின்ன மாட்டாய். அதை அவள் மறக்கவில்லை.

நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆகவே இந்தக் கடிதம் கருவிகளைப் பற்றியது மட்டுமே. போனில் பேசும்போது அம்மா பக்கத்தில் உட்கார்ந்து என் வாயைக் காவல் காக்கிறாள். அவள் இல்லாவிட்டால் என் குரல் காட்டிக் கொடுத்துவிடும். எழுத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

உன் அப்பா

---

மகளுக்கு,

உன் பதில் வந்தது. எங்கள் தேர்வைப் பாராட்டியதற்கு நன்றி. டாக்டரைப் பற்றி நீ ஒன்றும் கேட்கவில்லை; அம்மா சொன்னது சரி, நீ முதல் பக்கத்திலிருந்து படிக்கிறவள்தான்.

கருவியில் ஒரு பழுதும் இல்லை. பொத்தானை மட்டும் இப்போது நான் அமுக்குகிறேன். அம்மா பக்கத்தை முடித்ததும் கண்ணை ஒருமுறை மூடித் திறப்பாள். நானும் கூடவே படிக்கிறேன், ஆனால் அவள் வேகம் எனக்கு வராது. நான் பாதிப் பக்கத்தில் இருக்கும்போதே கண் மூடித் திறந்துவிடும். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் சேர்ந்து படிக்கும் முதல் புத்தகம் இது. இதுவரை யார் செத்தார்கள் என்றே எனக்குப் பிடிபடவில்லை.

அடுத்த வருடம் வண்ணத் திரையோடு புது மாடல் வருகிறது, விடுமுறைக்கு வரும்போது வாங்கி வருகிறேன், அதுவரை இதை வைத்துச் சமாளியுங்கள் என்று எழுதியிருந்தாய். நல்ல யோசனைதான். ஆனால் வண்ணம் எதற்கு? அம்மா படிப்பது கொலைக் கதை. அதற்குக் கறுப்பு வெள்ளையே தாராளம்.

அடுத்த வருட மாடலுக்காகக் காத்திருக்காதே, கண்ணு. எதுவும் வாங்காதே, வெறுங்கையோடு வா. விடுமுறை இல்லை என்றால் சண்டை போட்டு வாங்கு. மாப்பிள்ளைக்கு வேலை இருந்தால் அவர் பின்னால் வரட்டும். என்ன அவசரம் என்று மட்டும் என்னைக் கேட்காதே. நான் வாக்குக் கொடுத்தவன்.

வழியில் ஒரு குறையும் இல்லாமல் நீ நல்லபடியாக வீடு வந்து சேர வேண்டும்.

உன் அப்பா

பின்குறிப்பு: கருவியில் கடைசிப் பக்கத்துக்குப் போகும் வழியை ஒருவழியாகக் கண்டுபிடித்துவிட்டேன். நேற்று அம்மாவிடம், காட்டட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். இப்போதெல்லாம் வார்த்தை குழறுகிறது; மூன்றாவது தடவை சொன்னபோதுதான் எனக்குப் புரிந்தது.